மாவு டீச்சரும் ரோல் நம்பர் நாலும்

உலகத்தில் இட்லி மாவு விற்கிற இடத்தில் வருகைப் பதிவேடு வைத்திருந்த ஒரே மனுஷி எங்கள் காம்பவுண்டு மாவு டீச்சராகத்தான் இருக்க வேண்டும். வேறு எங்காவது இன்னொருத்தி இருந்தால் அவள் மீது எனக்கு இரக்கம் உண்டு. அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி மீது இன்னும் அதிக இரக்கம் உண்டு.

திண்டுக்கல்லில் எங்கள் காம்பவுண்டில் ஐந்து வீடு, ஒரு குழாய். என் வீட்டுக்கு அடுத்த கடைசி வீட்டில் அவள் குடியிருந்தாள். ஞானஸ்நானத்தில் வைத்த நீளமான பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. அது ரேஷன் கார்டில் பத்திரமாக இருந்தது, யாரும் எடுத்துப் புழங்கவில்லை. விடிவதற்குள் கிரைண்டரைப் போடுவாள். ஏழு மணி வரைக்கும் மாவு விற்பாள். ஏழரைக்குச் சேலைக்கு ஊக்குக் குத்திக்கொண்டு பி.எட். படிக்க ஓடுவாள். சாயந்தரம் வந்ததும் மறுபடி மாவு. காலையில் மாவு, பகலில் டீச்சர், ஆகவே மாவு டீச்சர்.

அவள் புருஷன் குட்டியானை வண்டியில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றுகிறவன். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தூங்குவான். மகள் ஜெனி ரெண்டாங்கிளாஸ். மாமியார் ஆரோக்கியம்மா தினமும் ரெண்டு காரியம் தவறாமல் செய்வார்: காலையில் கோயிலில் பூசை காண்பது, சாயந்தரம் மருமகளிடம் குறை காண்பது.

பி.எட். முதல் வருஷத்தில் மைக்ரோ டீச்சிங் என்று ஒன்று வைத்தார்கள். ஐந்து நிமிஷத்துக்குள் ஒரு சின்னப் பாடத்தை நடத்திக் காட்ட வேண்டும். கேள்வி கேட்பது ஒரு நாள், பாராட்டுவது ஒரு நாள், கரும்பலகையில் எழுதுவது ஒரு நாள் என்று தனித்தனியாகப் பழக வேண்டும். காலேஜில் செய்தது அவளுக்குப் போதவில்லை. ஒரு நாள் சாயந்தரம் என் கதவைத் தட்டினாள்.

"அம்மாச்சி, செத்த நேரம் வந்து உக்காருங்க. அஞ்சு நிமிஷம் பாடம் நடத்தணும்."

"எனக்கா?"

"பாடம் நடத்துனா கேக்குறதுக்கு ஆளு வேணும்ல?"

"அடுப்புல வெஞ்சனம் கொதிக்குது ஆத்தா."

"அமத்திட்டு வாங்க. பாடத்தப் பாதியில விட்டா ஆறிப் போயிரும்."

அப்படித்தான் நான் படிக்கப் போனேன். கிரைண்டருக்கு முன்னால் ஒரு பாய். பாயில் நாலு பேர். மாமியார் ரோல் நம்பர் ஒன்று. அது படிப்பைப் பார்த்துப் போட்டதல்ல, பயத்தைப் பார்த்துப் போட்டது. புருஷன் ரெண்டு. ஜெனி மூன்று. நான் நாலு.

"ஏத்தா, ரெண்டாங்கிளாஸ் பிள்ளைக்குப் பின்னாலயா எனக்கு நம்பரு? நான் மூணாங்கிளாஸ் வரைக்கும் போனவ."

"போனீங்க. பாஸானீங்களா?"

நான் நாலாவது ஆளாகப் பாயில் போய் உட்கார்ந்தேன்.

ஆரோக்கியம்மாவை கிளாஸ் லீடர் ஆக்கினாள். பேசுகிறவர்கள் பெயரைச் சிலேட்டில் எழுதித் தர வேண்டும். முதல் நாள் அவர் எழுதிக் கொடுத்த சிலேட்டில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. டீச்சர் பெயர். நியாயமாகப் பார்த்தால் அங்கே பேசிக்கொண்டே இருந்தது அவள் ஒருத்திதான்.

தினமும் பாடத்துக்கு முன்னால் ஆஜர் எடுப்பாள். மாமியார் "இருக்கேன்" என்பார், ஏதோ கடன்காரனுக்குப் பதில் சொல்வது போல. புருஷன் குறட்டை விடுவான். அதை அவள் வருகை என்றே குறித்துக்கொண்டாள். ஜெனி மட்டும் எழுந்து நின்று "உள்ளேன் டீச்சர்" என்பாள். பிறகு என் முறை வரும்.

"ரோல் நம்பர் நாலு?"

"ஊருக்குப் போயிருக்கா."

மறுநாள், "ரோல் நம்பர் நாலு?"

"அவளுக்குக் கண்ணாலம். வரமாட்டா."

அதற்கும் மறுநாள், "ரோல் நம்பர் நாலு?"

"செத்துப் போயிட்டா ஆத்தா. தூக்கிட்டாக."

அவள் சிரிக்கவில்லை. மூன்று நாளும் ஆப்சென்ட் போட்டாள். நாலாம் நாள் பாய்க்கு முன்னால் கையை நீட்டி மறித்துக்கொண்டு நின்றாள்.

"தொடர்ந்து மூணு நாள் ஆப்சென்ட். லீவ் லெட்டர் குடுத்துட்டு உக்காருங்க."

"மூணு நாளும் இதே பாயிலதான உக்காந்திருந்தேன்!"

"செத்துப் போனவங்கன்னாலும் லெட்டர் வேணும் அம்மாச்சி."

எப்படி எழுதுவது என்று அவளே சொல்லித் தந்தாள். மேலே அனுப்புநர், அதன் கீழே பெறுநர், அப்புறம் என்ன காரணம், கடைசியில் 'இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படியும் மாணவி.'

"கீழ்ப்படியவா? எங்க வீட்டுக்காரரு நாப்பத்திரெண்டு வருசம் காத்திருந்து பாத்துட்டுப் போய்ச் சேந்தாரு. அவருக்கே எழுதிக் குடுக்காதத உனக்கா எழுதிக் குடுப்பேன்?"

நான் எழுதவில்லை. அவளும் விடவில்லை. லெட்டர் பாக்கி என்று பதிவேட்டில் என் பெயருக்கு நேரே சிவப்பு மையில் எழுதி வைத்தாள். அது அங்கேயே கிடந்தது.

காலேஜில் ஒரு வாரம் என்ன பழகுகிறாளோ, அந்த வாரம் முழுக்க அதை எல்லோர் மீதும் பிரயோகம் செய்வாள். பாராட்டுகிற வாரத்தில் புருஷன் "தண்ணி குடு" என்றால் "வெரிகுட், நல்லாக் கேட்டீங்க" என்பாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவனை யாரும் பாராட்டியதில்லை. தண்ணீரைக் குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றான். கேள்வி கேட்கிற வாரம் வாடிக்கைக்காரர்களுக்குக் கஷ்ட காலம்.

"மாவு புளிச்சிருச்சா டீச்சர்?"

"நீங்க என்ன நெனைக்கிறீங்க? யோசிச்சுச் சொல்லுங்க பாப்போம்."

"நான் யோசிக்க வரலம்மா. தோசை சுட வந்தேன்."

வீட்டு வேலைக்கும் லெசன் பிளான் எழுதி கிரைண்டருக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தாள். ஒரு நாள் ஜெனியை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். 'பாடம்: ஜெனி குளித்தல். கருவிகள்: வாளி, சோப்பு. மதிப்பீடு: காதுக்குப் பின்னால் பார்க்கவும்.' அதற்குக் கீழே, 'பாடம்: அப்பா கேஸ் சிலிண்டர் பதிவு செய்தல். மதிப்பீடு: சொல்லி மூன்றாம் நாளாவது செய்தாரா?' மாமியாருக்கும் ஒரு பிளான் இருந்தது. அதில் நோக்கம் என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது. என்ன எழுதுவது என்று அவளுக்கே தெரியவில்லை போலிருக்கிறது.

இரண்டாம் வருஷம் இன்டர்ன்ஷிப். ரெட்டியார்சத்திரம் தாண்டி ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் மாசக்கணக்கில் போய்ப் பாடம் நடத்த வேண்டும். ஒன்பது மணிக்குள் கையெழுத்து. எட்டாங்கிளாஸ் அறிவியல். அங்கே அவளுக்கு மேற்பார்வை பார்த்த கைடு டீச்சர், அவளுடைய ரெக்கார்டு நோட்டைத் திறந்தால் ரெண்டு பக்கம் மாவில் ஒட்டிக்கொண்டிருக்குமாம். "இது பாடமா, பணியாரமா?" என்று கேட்டுக்கொண்டே நகத்தால் பிரிப்பாராம். ஒரு நாள் வகுப்பில் ஒரு பிள்ளை சந்தேகம் கேட்க எழுந்து நின்றிருக்கிறது. இவள் போர்டில் எழுதிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "ஒரு கிலோவா, அரைக் கிலோவா?" என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பிள்ளை, "அரைக் கிலோ டீச்சர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டதாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்படியே உட்கார்ந்த இடத்தில் தூங்கிப் போனாள். சிரித்த வாய் மூடவில்லை.

அந்த மாசத்தில்தான் ஜெனிக்குக் காய்ச்சல் வந்தது. ரெண்டு நாள் இவள் பள்ளிக்கூடத்துக்கு லேட். ரெண்டு நாளும் மாவு அரைக்க ஆளில்லாமல் வாடிக்கைக்காரர்கள் வேறு கடைக்குப் போனார்கள். மூன்றாம் நாள் ஆரோக்கியம்மா குழாயடியில் நின்று, மருமகளிடம் பேசுகிற சாக்கில் ஐந்து வீட்டுக்கும் அறிவித்தார்.

"ரெண்டு வருசம்னு சொன்ன, பொறுத்தேன். இப்ப வரப்போற பரிச்சையில பாஸாகலைன்னா மூணாவது வருசம்னு ஒண்ணு கெடையாது பாத்துக்க. நோட்டத் தூக்கிப் பரண்ல போட்டுட்டுக் கெரைண்டரோட கெட."

புருஷன் போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கொண்டான். முழித்துத்தான் இருந்தான்.

அன்று சாயந்தரம் வகுப்பு இல்லை, ஆஜர் எடுக்கவில்லை. கிரைண்டர் மட்டும் வழக்கத்தைவிட அதிக நேரம் ஓடியது. அவள் அழுதாளா என்று தெரியாது. அந்தக் கிரைண்டர் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாது.

இந்த இடத்தில் என் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாவு அரைத்து உப்புப் போட்டுக் கையால்தான் கரைப்பார்கள். எல்லோர் கையும் ஒன்றல்ல. சிலர் கரைத்தால் மறுநாள் மத்தியானம்தான் பொங்கும். நான் கரைத்தால் நாலு மணி நேரத்தில் மூடியைத் தள்ளிவிட்டு எட்டிப் பார்க்கும். என் மாமியார் காலத்திலிருந்து எனக்கு மாவுப் பானையில் கை வைக்கத் தடை. விற்கிற மாவு ரெண்டு நாள் தாங்க வேண்டும் என்பதால் மாவு டீச்சர் கடையிலும் அதே தடை. ஆனால் இவள் தடைக்குக் காரணமும் சொன்னாள்.

"உங்க கையில நுண்ணுயிரி ஜாஸ்தி அம்மாச்சி. கண்ணுக்குத் தெரியாத பூச்சி மாதிரி."

"அழுக்குக் கைங்கிற. நேரடியாச் சொல்லித் தொல."

ரெண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தேன். ரெண்டு நாளும் வகுப்புக்கு மட்டும் போனேன்.

செய்முறைப் பரீட்சைக்கு முந்தின நாள் அவளே என் வாசலில் வந்து நின்றாள். வெளியூரிலிருந்து தேர்வாளர் வருகிறார். அவர் முன்னால் ஒரு பீரியடு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். பாடம் நுண்ணுயிரிகள்.

"எல்லாரும் சார்ட் ஒட்டிக் காமிப்பாங்க அம்மாச்சி. நான் மாவையே காமிக்கப் போறேன். ரெண்டு கண்ணாடி ஜாடி. 'அ' ஜாடி மாவ உங்க கையால கரைக்கணும். 'ஆ' ஜாடிய நான் கரண்டியால கலக்கிருவேன். பீரியடு வரும்போது 'அ' பொங்கி மேல வந்திருக்கும். 'ஆ' அப்பத்தான் பொங்க ஆரம்பிச்சிருக்கும். பிள்ளைக பாத்தவுடனே புரிஞ்சிக்கிருவாங்க."

"அழுக்குக் கைதான? எதுக்கு இப்பத் தேடி வார?"

"அம்மாச்சி…"

"கெஞ்சு."

கெஞ்சினாள். கெஞ்சுவதற்கும் காலேஜில் பயிற்சி கொடுத்திருப்பார்கள் போல. நன்றாகவே செய்தாள்.

மறுநாள் விடியும்போது 'அ' ஜாடி மாவைக் கரைத்துக் கொடுத்தேன். அவள் 'ஆ' ஜாடியைக் கரண்டியால் கலக்கி, ரெண்டு ஜாடியிலும் மாவு நிற்கிற மட்டத்தில் ஜெனியின் நகப்பாலீஷால் கோடு போட்டுவிட்டு, ஜெனிக்குத் தலை பின்னப் போனாள்.

நான் ஜாடிகளுக்குக் காவல் இருந்தேன். உட்கார்ந்து பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பரீட்சைக்கு வருகிறவர் யாரோ எவரோ. ஒரு ஜாடி பொங்கி, ஒரு ஜாடி சும்மா கிடந்தால் என்ன நினைப்பார்? இவளுக்குப் பாதி மாவுதான் ஒழுங்காக வந்திருக்கிறது என்று பாதி மார்க் போட்டுவிட்டுப் போவார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு 'ஆ' ஜாடியிலும் முழங்கை வரைக்கும் கையை விட்டேன். நல்லா விட்டுக் கரைத்தேன். பிறகு துணியால் வாயைக் கட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நோட்டும் சார்ட்டும் 'அ' ஜாடியும் அவளுக்கே சரியாக இருந்ததால், 'ஆ' ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு நானும் பஸ் ஏறினேன். ஜாடி குலுங்கக் கூடாது என்று முந்தானையால் சுற்றி வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். வயிற்றுச் சூட்டில் அதற்கு இன்னும் குஷி. ரெட்டியார்சத்திரம் வருவதற்குள் துணியைத் தூக்கிக்கொண்டு என் மடியில் வழிய ஆரம்பித்துவிட்டது.

கண்டக்டர் குனிந்து பார்த்தார். "என்னம்மா, பிள்ளைக்கு ஒடம்பு சரியில்லையா? கக்கிக்கிட்டே வருது."

"ஆமப்பு. நேரா ஓட்டச் சொல்லு."

மாவு டீச்சர் திரும்பினாள். முகம் வெளுத்தது.

"அம்மாச்சி, அது 'ஆ' ஜாடிதான?"

"பஸ்ஸு குலுக்குனதுல பொங்கிருச்சு ஆத்தா."

"பஸ் குலுக்குனா பொங்காது அம்மாச்சி."

நான் ஜன்னலுக்கு வெளியே தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. பாடத்தைச் சொல்லிப் பார்க்கிறாளா, ஜெபம் சொல்கிறாளா என்று தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் என்னை வராந்தாவில் உட்கார வைத்தார்கள். நான் வகுப்பறை ஜன்னலில் போய் நின்றுகொண்டேன். தேர்வாளர் ஒரு அம்மா. கண்ணாடி போட்டிருந்தார், சிரிக்கிற உத்தேசம் இல்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டைத் திறந்தார். ரெண்டு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் பிரித்தார்.

மேசை மேலே ரெண்டு ஜாடி. ரெண்டும் கோட்டைத் தாண்டி, வாயைத் தாண்டி, சார்ட்டின் மேலே வழிந்துகொண்டிருந்தன. மாவு டீச்சர் 'அ' ஜாடியைக் காட்டினாள், நன்றாகப் பேசினாள். 'ஆ' ஜாடிக்கு வந்ததும் நின்றுவிட்டாள். எழுதி வைத்திருந்த லெசன் பிளானில் அந்த ஜாடி பொங்கவில்லை. பொங்கிய ஜாடியை வைத்துக்கொண்டு பொங்கவில்லை என்று எப்படிச் சொல்வது? தேர்வாளர் அம்மா பேனா மூடியைக் கழற்றினார். எனக்கு அந்தச் சத்தம் ஜன்னல் வரைக்கும் கேட்டது. ரெண்டு வருஷப் படிப்பு, பரண், கிரைண்டர் எல்லாம் ஒன்றாகக் கண் முன்னால் வந்தன.

அவள் ஜாடியைப் பார்த்தாள். பிறகு பிள்ளைகளைப் பார்த்தாள்.

"இந்த ஜாடிய நான் கரண்டியாலதான் கலக்கினேன். இது இம்புட்டு நேரத்துல பொங்கி இருக்கக் கூடாது. ஏன் பொங்குச்சு? யோசிச்சுச் சொல்லுங்க பாப்போம்."

வெயில் என்றது ஒரு பிள்ளை. "ரெண்டு ஜாடிக்கும் ஒரே வெயில்தான?" என்றாள். உப்பு என்றது இன்னொன்று. "ரெண்டுலயும் ஒரே அளவு." முன் பெஞ்சில் ரெட்டை ஜடை போட்ட ஒரு பிள்ளை எழுந்தது.

"டீச்சர், இதுலயும் யாரோ கைய வச்சிருக்காக."

"வெரிகுட். யாரு வச்சிருப்பா?"

அந்தப் பிள்ளை தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தது. வகுப்பே திரும்பியது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முழங்கை வரைக்கும் மாவு காய்ந்து வெள்ளை வெளேர் என்று இருந்தது.

"ரோல் நம்பர் நாலு," என்றாள் மாவு டீச்சர். "உள்ள வாங்க."

போனேன். பள்ளிக்கூடத்தில் வேறு வழியில்லை. தேர்வாளர் அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"நீங்க யாரு?"

"மாணவிங்க."

"எதுக்காக அதுலயும் கை வச்சீங்க?"

நாலு பொய் தயாராக வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "ஒண்ணு பொங்கி ஒண்ணு பொங்காட்டி எங்க பிள்ளைக்கு மாவு சரியா வரலைன்னு நெனச்சிருவீகளேன்னுதான்" என்றேன்.

மாவு டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்துக் கையைத் தூக்கி வகுப்புக்குக் காட்டினாள். அதன் பிறகு அவள் பேசியதுதான் பாடம். கை வைக்காவிட்டாலும் மாவு பொங்கும், லேட்டாகப் பொங்கும். கை வைத்தால் சீக்கிரம். கண்ணுக்குத் தெரியாததெல்லாம் இப்படித்தான் கையோடு போகிறது, நல்லதும் போகும் கெட்டதும் போகும், அதனால்தான் சோறு உண்ணும் முன்னால் சோப்புப் போடச் சொல்கிறேன். ஒரு சோதனையில் ஒரு ஜாடியை மட்டும் தொடாமல் ஏன் விட வேண்டும் என்று இப்போது தெரிகிறதா? தெரிகிறது என்றது வகுப்பு. லெசன் பிளானை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முடிந்ததும் என்னிடம், "வெரிகுட், உக்காருங்க" என்றாள். அவள் எனக்குச் சொன்ன முதல் வெரிகுட். ரெட்டை ஜடை நகர்ந்து இடம் விட்டது. மூன்றாங்கிளாஸில் நின்று போனவள் நேராக எட்டாங்கிளாஸில் உட்கார்ந்தேன்.

தேர்வாளர் அம்மா நிறைய எழுதினார். கிளம்பும்போது என்னை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டு, தனக்கு ஊர் கொடைக்கானல் மலை, அங்கே குளிருக்கு மாவு பொங்கவே மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். நான் கையைக் காட்டினேன். அப்போதுதான் அவர் சிரித்தார்.

பாஸாகிவிட்டாள். ஆரோக்கியம்மா அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று, "எங்க வீட்டு டீச்சர்" என்று ஆரம்பித்து, ஒருவரையும் வீட்டுக்குப் போகவிடவில்லை. ரெண்டு வருஷமும் தானே உட்கார்ந்து படித்தது போலச் சொன்னார். ஒரு வகையில் அது உண்மைதான், ரோல் நம்பர் ஒன்று அல்லவா. பிறகு ஆத்தூர் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. குட்டியானையில் கிரைண்டரை ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு போனார்கள். அங்கே மாவு அரைப்பது மாமியார், விற்பது புருஷன். பாராட்டுகிற வாரம் அவர்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை என்று கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் தவறாமல் போன் வரும். எடுத்ததும், "ரோல் நம்பர் நாலு?" என்பாள். நானும் தவறாமல் செத்துப் போயிருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அகரத்தில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு காதுகுத்து. சாயந்தரம் போனை எடுக்க முடியாது. முதல் நாளே முன் வீட்டுப் பெண்ணிடம் ஒரு தாளும் பேனாவும் வாங்கினேன், அவள் போனில் போட்டோ எடுத்து அனுப்புவதாகப் பேச்சு. அனுப்புநர், பெறுநர், காரணம். ஒரு மணி நேரம் ஆயிற்று, இட்லி ரெண்டு ஈடு வெந்து இறங்கியிருக்கும். கடைசி வரிக்கு வந்ததும் பேனா நின்றது. கதவைச் சாத்திவிட்டு வந்து, 'இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படியும் மாணவி' என்று எழுதி, பேருக்குப் பதிலாக ரோல் நம்பர் நாலு என்று கையெழுத்துப் போட்டேன்.